மழைநீர்க் குட்டை, பெர்மிட், பராமரிப்பு ஒப்பந்தம்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் வீட்டுமனைத் திட்டங்களின் மழைநீர் வரைபடங்களை ஒரு கவுன்டிக்காக (மாவட்ட அளவிலான உள்ளாட்சி) 9 வருடம் சரிபார்த்தேன். இப்போது வெளியில் இருந்து அதே வேலைதான், ஆனால் கட்டுபவர்கள் பக்கம். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன், தெரியாததற்கு யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கேள்விகள் இங்கேதான் குழம்புகின்றன. பெர்மிட் வேறு, பராமரிப்பு ஒப்பந்தம் வேறு. கட்டுமானம் நடக்கும்போது மண் கரைந்து ஓடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கு பெர்மிட். கட்டி முடித்தபிறகு, மழைநீரைப் பிடித்து மெதுவாக வெளியே விடும் குட்டையை யார் காலத்துக்கும் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஒப்பந்தம்.

கேள்வி: எங்கள் எச்ஓஏவில் (வீட்டு உரிமையாளர் சங்கம்) நான்தான் பொருளாளர். டெவலப்பர் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போய் 3 வருடம் ஆகிறது. இப்போது கவுன்டியிலிருந்து "குட்டையின் வருடாந்திர ஆய்வறிக்கை வரவில்லை" என்று கடிதம். ஒப்பந்தம் இன்னும் டெவலப்பர் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. அப்படியென்றால் இது அவர் பொறுப்பு இல்லையா மேடம்?

இல்லை. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இல்லை. இந்த ஒப்பந்தங்களைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்வதே, நிலம் யார் கைக்குப் போனாலும் பொறுப்பும் கூடவே போகட்டும் என்பதற்காகத்தான். குட்டை இருக்கும் பொது நிலம் உங்கள் சங்கத்தின் பெயருக்கு மாறிய நாளிலேயே கடமையும் உங்களிடம் வந்துவிட்டது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இன்னொரு வரியும் இருக்கும்: நோட்டீஸ் கொடுத்தும் நீங்கள் சரிசெய்யாவிட்டால் கவுன்டியே ஆள் வைத்துச் செய்து, செலவை உங்கள் நிலத்தின்மேல் பாத்தியதையாக ஏற்றலாம். அந்தப் பக்கத்தை இன்று இரவே படியுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். முதலில் பதிவான மூல ஒப்பந்தத்தின் நகலை, புத்தக எண், பக்க எண் அல்லது ஆவண எண்ணோடு எடுங்கள். டெவலப்பர் கொடுத்த ஃபைலில் இருக்கும் நகலை நம்பாதீர்கள், அது பல நேரம் கையெழுத்துக்கு முந்தைய வரைவாக இருக்கும். அப்புறம் அதன் இணைப்புகளைப் பாருங்கள். நிலத்தின் எல்லை விவரம் ஒன்று, குட்டையும் குழாய்களும் இருக்கும் வரைபடம் ஒன்று, எதை எப்போது செய்யவேண்டும் என்ற பராமரிப்பு அட்டவணை ஒன்று. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு இன்ஜினியரோடு குட்டையைச் சுற்றி நடந்து பாருங்கள். தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று தெரியாமல் திருத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், இல்லாத ஒரு குட்டையைப் பராமரிப்பதாக நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த வேலை முடிந்தபிறகு வக்கீலிடம் போங்கள். திருத்த ஒப்பந்தத்தில் மூல ஆவண எண், சங்கத்தின் சட்டப்படியான பெயர், புதிய இணைப்புகள், கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் தரும் போர்டு தீர்மானம், நோட்டரி, கவுன்டியின் எதிர்க்கையெழுத்து எல்லாம் வேண்டும். பிறகு பதிவு. பதிவானதும் முத்திரை விழுந்த நகல் ஒன்றைக் கவுன்டியின் மழைநீர்ப் பிரிவுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பதிவு அலுவலகம் தானாக அவர்களுக்குச் சொல்லாது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் சொல்லாது, நான் அந்தக் கட்டடத்தில் இருந்தவள்.

கடிதத்துக்கு இப்போதே பதில் போடுங்கள். "ஆய்வுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம், இந்தத் தேதிக்குள் அறிக்கை வரும்" என்று இரண்டு வரி போதும். பதிலே வராதவர்கள் மேல்தான் கோபம் ஏறும்.

கேள்வி: டெக்சாஸில் ஒரு பெரிய மனைத் திட்டத்துக்குள் 4 ஏக்கர் வாங்கியிருக்கிறேன். பழைய உரிமையாளரின் பெர்மிட்டை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பெயர் மாற்ற முடியாது. டெக்சாஸ் பொது அனுமதியில் (கட்டுமானங்களுக்குப் பொதுவாக எழுதிய பெர்மிட், எண் டிஎக்ஸ்ஆர்150000, 2023 மார்ச் 5-ல் புதுப்பிக்கப்பட்டது) பழையவர் தன் பங்குக்கு முடிவு அறிவிப்பு (பெர்மிட்டை முடித்துக்கொள்கிறேன் என்ற படிவம்) கொடுக்கவேண்டும், நீங்கள் உங்கள் பெயரில் புதிதாக அனுமதி பெறவேண்டும். உங்களுக்கென்று தனி ஸ்விப் (மண் அரிப்பையும் மாசையும் தடுக்கும் திட்டக் கோப்பு) வேண்டும். அவருடையதை வாங்கி அட்டையை மாற்றி வைக்காதீர்கள்.

கவனம், 4 ஏக்கர்தானே என்று சின்ன சைட் கணக்கில் போய்விடாதீர்கள். 1 முதல் 5 ஏக்கருக்குள் என்றால் அறிவிப்புப் பலகை வைத்தால் போதும், என்ஓஐ (பொது அனுமதியின்கீழ் வேலை செய்யப்போகிறேன் என்ற படிவம்) அனுப்பத் தேவையில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது தனித்த 4 ஏக்கருக்கு. உங்களுடையது ஒரு பெரிய திட்டத்தின் துண்டு. மொத்தத் திட்டம் 5 ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறுகிறது என்றால் நீங்களும் பெரிய சைட்தான், என்ஓஐ உண்டு.

கேள்வி: எனக்கு மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் மனை, ஒரே வீடு. எனக்கும் பெர்மிட் வேண்டுமா?

மேலே டெக்சாஸ்காரருக்குச் சொன்னதுதான். தனி மனை என்றால் 1 ஏக்கருக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை. மொத்தம் 1 ஏக்கரோ அதற்கு மேலோ கிளறும் திட்டத்தின் பகுதி என்றால் வேண்டும். உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், ஊராட்சியில் ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: கட்டுமான சைட் ஆய்வு வாரம் ஒருமுறையா, மழை பெய்தால் மட்டுமா? ஃபோர்மேன் ஒன்று சொல்கிறார், இன்ஸ்பெக்டர் ஒன்று சொல்கிறார். (மாசசூசெட்ஸ்)

அங்கே மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவின் 2022 கட்டுமானப் பொது அனுமதிதான் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை, அல்லது 14 நாளுக்கு ஒருமுறையும் கூடவே கால் அங்குலம் மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையும். எதை எடுக்கிறீர்களோ அதை ஸ்விப்பில் எழுதிவையுங்கள். உங்கள் ஃபோர்மேனும் இன்ஸ்பெக்டரும் ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். இந்த அனுமதி 2027 பிப்ரவரி 16 வரைதான், வேலை அதற்கு மேல் இழுக்கும் என்றால் அடுத்த அனுமதியின்கீழ் புதிய என்ஓஐ கொடுக்கத் தயாராக இருங்கள்.

கேள்வி: குட்டையில் கொசு. என்ன மருந்து அடிக்கலாம்?

அது வறண்டிருக்க வேண்டிய குட்டை என்றால் மருந்து வேண்டாம், தண்ணீர் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் வடியவேண்டும் என்று வடிவமைப்பதற்கு ஒரு காரணமே கொசு வளர நேரம் கொடுக்கக்கூடாது என்பதுதான். எப்போதும் தண்ணீர் நிற்கும் வகைக் குட்டை என்றால் கொசு ஒழிப்புத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: அங்கீகரித்த பிளானில் திறந்த குட்டை. இடம் போதாமல் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் பூமிக்கடியில் சேம்பர் (தண்ணீரைப் பிடிக்கும் மூடிய அறை) வைத்துவிட்டோம். கொள்ளளவு அதேதான். புது வரைபடம் கொடுத்தால் போதுமா அக்கா?

"வைத்துவிட்டோம்" என்கிறீர்களே தம்பி, அதுதான் கவலை. வைப்பதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கேள்வி.

கொள்ளளவு மட்டும் கணக்கல்ல. 1 ஏக்கரில் 1 அங்குலம் மழை என்றால் சுமார் 27,000 கேலன். அது எவ்வளவு வேகத்தில் வெளியே போகிறது, போகுமுன் எவ்வளவு வண்டல் கீழே படிகிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அங்கீகாரம். எனவே கணக்கு அறிக்கை புதிதாக வேண்டும், பிளான் திருத்தம் வேண்டும், வேலை இன்னும் நடக்கிறது என்றால் ஸ்விப்பிலும் மாற்றவேண்டும். கட்டி முடித்ததை அளந்த வரைபடம் வேண்டும். கடைசியாக, ஒப்பந்தத்தின் இணைப்புகளை மாற்றிப் பதிவு செய்யவேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய அட்டவணையில் "புல் வெட்டு, கரையைப் பார்" என்று இருக்கும். சேம்பருக்குப் புல் ஏது? வண்டல் எவ்வளவு சேர்ந்தது என்று மூடியைத் திறந்து அளப்பது, வேக்யூம் லாரி வைத்து உறிஞ்சுவது, மூடிய இடத்துக்குள் இறங்கப் பயிற்சி பெற்ற ஆள், இதெல்லாம் அட்டவணையில் வரவேண்டும். வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள். அடமானப் பத்திரம் ஒப்பந்தத்துக்கு முந்தையது என்றால், ஜப்தி வரும்போது ஒப்பந்தம் அடிபட்டுப் போகலாம் என்பதால்.

அளந்த வரைபடம் என்றால் நிஜமாகவே அளந்தது. ஒருமுறை ஒரு குட்டைக்குப் போனேன். முதல்நாள் இரவு நல்ல மழை, ஆனால் குட்டை காலியாக இருந்தது. கூட வந்தவருக்கு ஒரே பெருமை, "பாருங்க, சொட்டுத் தண்ணி நிக்கல." எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியேற்றும் கான்கிரீட் பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தேன். 3 அங்குல ஓட்டை போட்ட தகடு இருக்கவேண்டிய இடத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும், அதற்குப் பின்னால் 15 அங்குலக் குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தகடு வரைபடத்தில் இருந்தது. "கட்டியபடி" என்று முத்திரை குத்திய வரைபடத்திலும் இருந்தது. வந்த தண்ணீர் வந்த வேகத்தில் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது, எத்தனை வருடமாக என்று தெரியவில்லை.

கேள்வி: பெர்மிட்டுக்கு முடிவு அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது. அப்போ பராமரிப்பு ஒப்பந்தமும் முடிந்ததுதானே?

முடியவில்லை. முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி: அந்த முடிவு அறிவிப்பு கொடுக்க 70 சதவீத நிலத்தில் புல் வந்தால் போதுமா?

70 சதவீத நிலம் அல்ல. அந்தப் பகுதியில் கிளறாத நிலத்தை இயற்கையான செடிகள் எவ்வளவு மூடியிருக்குமோ, அதில் 70 சதவீதம் அளவுக்கு, சைட் முழுக்க ஒரே சீராக. ஒரு மூலை மொட்டையாக இருந்தால் காத்திருங்கள். வண்டல் தடுப்பு வேலிகளையும் பிடுங்கி எடுத்தாகவேண்டும், மக்கிக்கொண்டு நிற்க விடக்கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் என் தோட்டத்தில் விழுகிறது, யாரிடம் புகார் செய்வது?

என் துறை இல்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள், அப்புறம் வக்கீல்.

கேள்வி: 25 வருடமாக மண் வேலை செய்கிறேன். குட்டைக் கரையில் வளர்ந்த மரங்களை வெட்டச்சொல்லி ஆய்வறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். மரவேர்தானே மண்ணைப் பிடிக்கும்? நம் ஊரில் ஏரிக்கரை நெடுக பனை நிற்கிறதே, அவன் முட்டாளா?

முட்டாள் இல்லை, அதனால்தான் பனையை நட்டான். பனைக்கு வருடாவருடம் பருத்துக்கொண்டே போகும் கட்டை வேர் கிடையாது. மெல்லிய வேர்கள் கொத்தாக இறங்கும். உங்கள் கரையில் தானாக முளைத்த மேப்பிளும் வில்லோவும் அப்படியல்ல. அந்த வேர் தண்ணீரைத் தேடிக் கரைக்குள் போகும், மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், மக்கிய இடத்தில் குழாய் மாதிரி வழி விழும். தண்ணீர் அதில் புகுந்து மண்ணை உள்ளிருந்தே அரிக்கும். காற்றில் மரம் சாய்ந்தாலோ வேர்முடிச்சோடு கரையில் ஒரு பள்ளமே பெயர்ந்து வரும். நிழலில் புல்லும் செத்துப்போகும், கரையை உண்மையில் பிடித்திருப்பது அந்தப் புல்தான். மத்திய பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா 2005-ல் மண் அணைகளில் செடிகொடிகளால் வரும் சேதத்துக்கென்றே ஒரு தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது.

வேறொருவர்: ஏரிக்கரையில் வேம்பும் புளியும்கூட நிற்கிறதே மேடம்? நூறு வருட மரங்கள்.

நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல ஏரிக்கரைகள் மாட்டு வண்டி போகும் அகலம். இங்கே பல குட்டைகளின் கரை உச்சி 10 அடிகூட இருக்காது. அதோடு அங்கே நீர்க்கட்டி என்று ஒருவர், கரையையும் மடையையும் பார்ப்பதே வேலையாக இருந்தார். உங்கள் எச்ஓஏவில் நீர்க்கட்டி யார்?

மண் வேலைக்காரர்: நீர்க்கட்டி விஷயம் சரி. ஆனாலும் வேரோடு பிடுங்கினால் கரைதான் பலவீனமாகும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் நீங்கள் சொல்வது சரி, அறிக்கை எழுதியவர் இதையும் எழுதியிருக்கவேண்டும். மணிக்கட்டு பருமனுக்குள் இருப்பதைத் தரையோடு வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால் அது மக்கி, நான் சொன்ன அதே குழாயாகிவிடும். எனவே வேர்முடிச்சை எடுத்து, அந்தக் குழியில் தகுந்த மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கவேண்டும். இன்ஜினியர் பக்கத்தில் நிற்கவேண்டும், குட்டையில் தண்ணீர் இல்லாதபோது செய்யவேண்டும். செய்ததை ஆய்வறிக்கையோடு சேர்த்துக் கவுன்டியில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள்.

வேறொருவர்: ஒப்பந்தம் டெவலப்பர் பெயரில் இருக்கிறது, நாங்கள் எதற்குப் பணம்...

முதல் பதில். தயவுசெய்து.

மண் வேலைக்காரர்: மொத்தம் 8 மரம். 5 சின்னது, 3 பெரியது. பெரியதில் ஒன்று வெளியேற்றும் குழாய்க்கு நேர் மேலே நிற்கிறது.

அந்த ஒன்றைத் தொடாதீர்கள். குழாயின் இணைப்புக்குள் வேர் போயிருந்தால், மரத்தை இழுக்கும்போது குழாயும் கூடவே வரும். முதலில் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள், படத்தை இன்ஜினியரிடம் காட்டுங்கள். மற்ற 7 மரங்களையும் வெயில் காலத்தில் முடித்துவிடலாம்.