ஊட்டியிலிருந்து வந்த பசு நெய் இவ்வளவு மஞ்சளாக இருக்கிறதே, சாயம் கலந்திருப்பார்களா?

நிறத்தை மட்டும் பார்த்து எந்த பாட்டிலுக்கும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆனால் சாயம் எதுவும் இல்லாமலே அந்த மஞ்சள் வரும். ஊட்டிக்கு அருகே கேத்தி பாலாடா பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்புப் பசுவும் ஓர் எருமையும் இருக்கின்றன. தினமும் பார்க்கிறேன்.

இங்கே கேரட் கழுவும் இடங்களில் ஒடிந்தது, வெடித்தது, இரண்டு கால் விட்டது எல்லாம் ஒரு குவியலாக ஒதுங்கும். அது மாட்டுக்கு வந்துவிடும். கேரட்டின் நிறம் பீட்டா கரோட்டின். பச்சைப் புல்லிலும் அது நிறைய உண்டு, பச்சையம் மறைத்துக்கொண்டிருக்கும். மாட்டின் குடல் சுவரில் இருக்கும் ஒரு நொதி அதை வெட்டி வைட்டமின் ஏ ஆக்குகிறது. பசுவுக்கு அந்த வேலை முழுதாக முடிவதில்லை. வெட்டுப்படாத மிச்சம் ரத்தத்தோடு போய் உடம்புக் கொழுப்பிலும் பால் கொழுப்பிலும் தங்கிவிடும். ஜெர்சிக்கு இது இன்னும் அதிகம். எருமை அநேகமாக எல்லாவற்றையும் வைட்டமின் ஏ ஆக்கிவிடும், அதற்கு அந்த மஞ்சள் கிடையாது. அதே குவியலில் தின்றும் எங்கள் எருமையின் நெய் உறைந்தால் மெழுகுவர்த்தி போல வெள்ளையாக இருக்கும். சத்துக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்.

மார்கழி, தையில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். அப்போது கீழேயிருந்து வரும் வைக்கோல்தான் தீவனம். வெயிலில் காய்ந்ததில் கரோட்டின் பெரும்பாலும் போயிருக்கும். சரி, நெய் உடனே வெளுத்துவிடுமா என்றால் இல்லை. கொழுப்பில் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். மாசி வாக்கில்தான் எங்கள் பாட்டிலில் வித்தியாசம் தெரியும்.

போன ஐப்பசியில் நாங்கள் கொடுத்த நெய்யை, கலர் போட்டது என்று சமவெளியில் ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா அன்று இரவு சாப்பிடவே இல்லை. அதை உருக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா அதில் போட்டது, சந்தையில் வாங்கி வந்த முருங்கை இலை ஒரு கொத்து மட்டும்தான்.