வாசகர் கேள்வி – பதில்: நீலம் பாய்ந்த கத்தி

கேள்வி: என் அம்மப்பா வைத்திருந்த வேட்டைக் கத்தியை, ஊருக்குள் வந்த சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தீட்டினேன். அன்று மயிரையும் வழித்த கத்தி, இரண்டு பாரை மீன் வெட்டுவதற்குள் மழுங்கிவிட்டது. வாய் ஓரத்தில் நீல நிறமும் தெரிகிறது. இனி இது உதவாதா, ஐயா?
– வாசகர், வாகரை

பதில்: தாராளமாக உதவும். கத்தி கெடவில்லை, வாய் ஓரத்தில் அதன் பதம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பழுக்கக் காய்ச்சித் துவைத்து, அதாவது சட்டென்று அமிழ்த்திக் குளிரவைத்துக் கடினமாக்கிய உருக்கை, கொல்லர் மீண்டும் 200 பாகை செல்சியசை அண்டிய சூடு காட்டிப் பதப்படுத்துகிறார். வேகமாகச் சுழலும் சாணையில் தண்ணீர் தொடாமல் அழுத்தினால், மெல்லிய வாய்ப்பகுதி நொடியில் 300 பாகையை எட்டி மென்மையாகிவிடும். அந்தச் சூட்டின் அடையாளமே நீங்கள் காணும் நீலம்.

நீலத்தை உரஞ்சிப் போக்கிவிட்டால் கத்தி குணமாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பி, ஒரே கத்தியை மூன்று தரம் தீட்டி மூன்று தரமும் ஏமாந்தேன். நிறம் மேலே படிந்த ஒட்சைட்டுப் படலம். மென்மையோ உள்ளே இருக்கிறது. ஆகவே சிறிய அரம் ஒன்றை வாய் ஓரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் துகள் உதிர்ந்தால் அந்த இடம் இன்னும் மென்மை. வழுக்கிக்கொண்டு போனால் நல்ல உருக்கு வந்துவிட்டது என்று பொருள். அதுவரை கல்லில், கையால், தண்ணீரோடு தேய்க்க வேண்டும். மென்மை அகலமாகப் பரவியிருந்தால் மட்டும் கொல்லரிடம் கொடுத்து மறுபடி துவைப்பியுங்கள்.

தீட்டும்போது 400 இலக்கத்துக்கு உட்பட்ட சொரசொரப்பான கல்லில் தொடங்கி 1000 இலக்கக் கல்லில் முடிக்கலாம். மீனும் மரக்கறியும் வெட்டும் மெல்லிய கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை சாய்வு போதும். எலும்பில் படக்கூடிய வேட்டைக் கத்திக்கு 20 முதல் 25 பாகை வேண்டும். தாளின் நேர்மூலையை இரண்டு தரம் சரிபாதியாக மடித்தால் கிடைப்பது 22.5 பாகை. அதைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியின் சாய்வை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை தரம் இழுப்பது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கத்தில் பிசிறு எழும். பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்புறமாக வழித்தால் நகத்தில் மெல்லத் தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை அது எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பொறுமையற்றவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கடைசியில் அழுத்தத்தைக் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் வாய் பின்னால் வரும்படி பத்துப் பதினைந்து தரம் வழித்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

கேள்வி: தீட்டுக்கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறேன். இப்போது கல் கத்தியைப் பிடிப்பதேயில்லை. ஏன்?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மார்கழி விடியலில் போத்தலுக்குள்ளேயே உறைந்துபோகும் எண்ணெய் அது. நாட்பட்டால் இரும்புத் துகளோடு பிசினாகிக் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும். கல்லை ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, பழைய பற்தூரிகையால் தேயுங்கள். இனித் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் ஒட்டாது. ஆதலால் தண்ணீருக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல் நடுவில் குழிந்துவிட்டது. எறிந்துவிடவா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து, சமமான தரையோட்டின் மேல் விரித்த 120 இலக்க அரத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நடுவிலுள்ள கோடும் அழிந்த பிறகு நிறுத்தலாம்.