சபையை விட்டு வந்தேன், ஜெபம் வரவில்லை

கேள்வி: பாறசாலைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தேன். அம்மா பழைய சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, மாத்திரை விழுங்குவது அவிசுவாசம், வாராவாரம் பாஸ்டரிடம் பாவ அறிக்கை என்று எல்லாவற்றுக்கும் சட்டம். வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் பயம்தான் வருகிறது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, ‘விட்டுப் போனால் சாபம் தொடரும்’ என்று பாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கூட்டத்தார் இன்னும் வீட்டுக்கு வருகிறார்கள். வேறு சபைக்குப் போக வேண்டுமா? என் விசுவாசம் செத்துப்போயிற்றா? தையில் தங்கை கல்யாணம். கூட்டத்தில் நகை கூடாது என்றார்கள், இப்போது கம்மல் போடலாமா?

பதில்: அம்மா, உங்கள் நீண்ட கடிதத்தின் நடுவில், தைராய்டு மாத்திரையை நிறுத்தி நான்கு வருடம் ஆயிற்று என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிந்தது. தைராய்டு குறைந்தால் அசதி வரும், எதிலும் மனசு ஒட்டாது. விசுவாசம் செத்துவிட்டது என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களே மாத்திரை வாங்க வேண்டாம். வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் ‘போதும், சாகிறேன்’ என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான்.

அடுத்து சாபம். அந்த வாரம் மகளின் வகுப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டில் யார் எந்தச் சபையை விட்டார்கள்? ‘காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது’ என்று நீதிமொழிகள் 26:2 சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்த வசனத்தை வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா?

சீனாவில் கட்டாயச் சிந்தனை மாற்றத்துக்கு ஆளானவர்களிடம் பேசி, அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன் 1961-ல் எட்டு அடையாளங்களைச் சொன்னார். அதில் பாவ அறிக்கையும் ஒன்று. மனசில் உள்ளதையெல்லாம் கொட்டவைத்து, அதையே கடிவாளமாக்குவது. உங்கள் பயம் அப்படிப் பழக்கப்பட்ட பயம். அதைக் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு இலவச மனநலச் சேவை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, ‘இனி வர வேண்டாம்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். காரணம் சொல்லப் போனால் வாதம் வளரும். நீங்கள் அறிக்கையிட்டதை வெளியே சொல்வதாக யாராவது மிரட்டினால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துப் போலீசுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. செயினைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஊழியத்துக்கென்று மனமாரக் கொடுத்திருந்தால் அது திரும்பி வருவது கஷ்டம். கடனாகக் கொடுத்திருந்தால் அதையும் அந்த எண்ணில் கேளுங்கள்.

ஜெபத்துக்கு அவசரமில்லை. முழுஇரவு, கைத்தாளம், சத்தம் எல்லாம் அவர்கள் பழக்கிய முறை, அதை விட்டுவிடுங்கள். அம்மா சமையலறையில் முணுமுணுக்கும் கீர்த்தனை போதும். அதுவும் வராவிட்டால் 88-ம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வரை முறையீடுதான், இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்? முதலில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு நாள் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு வாருங்கள்.

வேறு சபை அப்புறம். போகும்போது, கணக்கை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார்களா, ஒரு ஞாயிறு வராவிட்டால் நலம் விசாரிக்கிறார்களா, குற்றம் விசாரிக்கிறார்களா என்று பாருங்கள். நம் பக்கத்துச் சர்ச்சுக் கமிட்டித் தேர்தல் சண்டைகளைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சண்டை போட முடிகிற இடத்தில் எல்லாம் ஒருவர் கைக்குப் போகாது.

கம்மல் தாராளமாகப் போடலாம். ஒன்பது வருடத்தில் துளை தூர்ந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் குத்தினால் சீழ் பிடிக்கலாம், இரண்டு மாதம் முன்பே குத்திவிடுங்கள்.