92 சதவீதம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக மென்பொருள் சோதனையாளராக இருக்கிறேன். போன ஆண்டு 61 சதவீதமாக இருந்த எங்கள் குழுவின் டெஸ்ட் கவரேஜை (நிரலின் வரிகளில் எத்தனையை டெஸ்டுகள் ஓட்டிப் பார்க்கின்றன என்ற கணக்கு) 92க்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனாலும் நண்பர்கள் "நீ புரோகிராமரா, டெஸ்டர்தானே" என்று கேலி செய்கிறார்கள். சோதனை, சரிபார்ப்புத் துறையில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) நல்லதா, என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) நல்லதா? பகுதி நேரமாகச் செய்ய முடியுமா? எல்லாவற்றையும் ஏஐ எழுதப்போகிற காலத்தில் இந்த ஆராய்ச்சிக்கு எதிர்காலம் இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நண்பர்களை விடுங்கள். என்யுஎஸ்ஸா என்டியுவா என்பதையும் விடுங்கள். கட்டடத்தைப் பார்த்துச் சேராமல், உங்களுக்கு வழிகாட்டப்போகிறவரின் கடைசி ஐந்து கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 92. கொஞ்ச நாளாக இந்தச் சதவீத மோகத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஆண்டு இதே வேலையில் இருப்பவர் அதைப் பதக்கம்போலச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஒரு வரி ஓடியது என்பது வேறு, அது சரியாக ஓடியதா என்று பார்த்தது வேறு. டெஸ்டுகளில் உள்ள அசர்ட்களை, அதாவது வந்த விடை சரியா என்று பார்க்கும் வரிகளை, எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். உங்கள் 92 அநேகமாக அப்படியே இருக்கும்.

இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் மாறி மாறிப் போனாலும் ஒரே பயணமாகச் சேர்த்து, மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். இறங்கும்போது அட்டையைத் தட்டியதிலிருந்து 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏற வேண்டும். மொத்தம் 2 மணி நேரம், ஐந்து முறை வரை மாறலாம். இறங்கிய அதே எண் பேருந்திலேயே மறுபடி ஏறினால் புதுப் பயணம். இதற்கு ஒருவர் நிரல் எழுதுகிறார் என்று வையுங்கள். (கற்பனை நிரல்தான், உண்மையில் ஓடும் கட்டண முறையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) "இடைவெளி 45ஐவிட அதிகமா? ஆமென்றால் புதுப் பயணம், இல்லையென்றால் தொடர்ச்சி." நீங்கள் பகல் 2 மணியை வைத்து இரண்டு டெஸ்ட் எழுதுகிறீர்கள்: 10 நிமிட இடைவெளி ஒன்று, 60 நிமிட இடைவெளி ஒன்று. வரி கவரேஜ் 100, கிளை கவரேஜ் (ஆம், இல்லை என்ற இரண்டு பக்கமும் ஓடியதா என்ற கணக்கு) 100. மேலாளர் காப்பி வாங்கித் தருவார்.

இப்போது "அதிகமா" என்பதை "அதிகமா அல்லது சமமா" என்று மாற்றுங்கள். இரண்டு டெஸ்டும் தேறியதாகப் பச்சையிலேயே நிற்கும். சரியாக 45வது நிமிடத்தில் ஏறியவர் மட்டும் புதுப் பயணத்துக்கான காசைக் கொடுப்பார். இப்படி வேண்டுமென்றே நிரலைக் கெடுத்து, டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் மியூட்டேஷன் சோதனை. டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978லேயே எழுதிவிட்டார்கள். ஜாவாவுக்கு பிட், பைத்தானுக்கு மியூட்மட் என்று கருவிகள் சும்மா கிடைக்கின்றன. முழு நிரலின் மேலும் ஏவிவிடாதீர்கள், நாள்கணக்கில் ஓடும். காசு கணக்கிடும் ஒரே ஒரு தொகுதியில் தொடங்குங்கள். டெஸ்டில் சிக்காமல் பிழைத்துக்கொண்ட மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். சில மாற்றங்கள் நிரலின் நடத்தையைக் கொஞ்சமும் மாற்றியிருக்காது. அவற்றை எந்த டெஸ்டாலும் பிடிக்க முடியாது, அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நள்ளிரவு. ஒருவர் இரவு 11.20க்கு இறங்கி 12.20க்கு ஏறுகிறார். தேதியை விட்டுவிட்டு மணியை மட்டும் நிமிடமாக்கிக் கழித்தால் 20 கழித்தல் 1400, அதாவது மைனஸ் 1380. அது 45ஐவிட அதிகமில்லை, ஆகவே தொடர்ச்சி. ஒரு மணி நேரம் கழித்து ஏறியவருக்கும் மாறுபயணச் சலுகை. கவரேஜ் அப்போதும் 100.

அதைவிட மோசம், 2 மணி நேர விதியை எழுதியவர் மறந்தே போயிருக்கலாம். எழுதாத வரிக்குக் கவரேஜ் எப்படிக் குறையும்? தூரத்தையும் பாருங்கள். 3.2 கிலோமீட்டர் வரை அடிப்படைக் கட்டணம். பேருந்தில் 1.64, ரயிலில் 1.64 என்று போகிறார். ஒவ்வொன்றையும் ஒரு தசமத்துக்குச் சுருக்கிவிட்டுக் கூட்டினால் 3.2. கூட்டிவிட்டுச் சுருக்கினால் 3.3, அடுத்த படி. எது சரி? நிரலை ஆயிரம் முறை படித்தாலும் இதற்கு விடை கிடைக்காது. விதியை எழுதியவரிடம் போய்க் கேட்கத்தான் வேண்டும்.

இந்தத் துறையின் நடு முடிச்சு இதுதான் தம்பி. உள்ளீடுகளை இயந்திரம் கோடிக்கணக்கில் தயாரித்துவிடும். வந்த விடை சரியா என்று யார் சொல்வது? இதற்கு ஆரக்கிள் பிரச்சினை என்று பெயர் (ஆரக்கிள் என்ற தரவுத்தளம் இல்லை, குறிசொல்கிறவள் என்ற பொருளில்). எலைன் வெயுக்கர் 1982இல் இதை மட்டுமே எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். குறிசொல்ல ஆள் இல்லாதபோது ஒரு வழி உண்டு. ஒரு விடை சரியா என்று தெரியாவிட்டாலும், இரண்டு விடைகளுக்கு நடுவே என்ன உறவு இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். டி.ஒய்.சென் 1998இல் இதற்கு மெட்டமார்ஃபிக் சோதனை என்று பெயர் வைத்தார். நம் கணக்கில், பயணம் முழுவதையும் 20 நிமிடம் தள்ளிவைத்தால் கட்டணம் மாறக்கூடாது. அழகான விதி, இல்லையா? ஆனால் தப்பு. வாரநாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் தட்டினால் 50 காசு வரை தள்ளுபடி உண்டு. 7.40ஐ 8.00 ஆக்கினால் கட்டணம் மாறத்தான் வேண்டும். உறவைக் கண்டுபிடிக்கக்கூட விதி தெரிந்திருக்க வேண்டும்.

ஃபஸ்ஸிங் (கண்டபடி உள்ளீடுகளை நிரலுக்குள் கொட்டிப் பார்க்கும் சோதனை) இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஓர் இடிமழை இரவு. பேராசிரியர் பார்டன் மில்லர் தொலைபேசி இணைப்பு வழியாக வேலை செய்துகொண்டிருந்தார். கம்பியின் இரைச்சல் கண்டபடி எழுத்துகளைச் சேர்க்க, யுனிக்ஸ் நிரல்கள் பாதியில் செயலிழந்து விழுந்தன. அதையே மாணவர்களைக் கொண்டு முறையாகச் செய்து பார்த்தார்கள். 1990இல் கட்டுரை வந்தபோது, சோதித்த நிரல்களில் கால் பங்குக்கு மேல் விழுந்திருந்தன. இங்கே என்யுஎஸ்ஸில் போமே, ஃபாம், அபிக் ராய்சௌத்ரி மூவரும் 2016இல் ஏஎஃப்எல்ஃபாஸ்ட் என்ற ஃபஸ்ஸரைச் செய்தார்கள். அடிக்கடி மிதிபடும் பாதைக்குக் குறைவாகவும், ஆள் போகாத பாதைக்கு அதிகமாகவும் நேரம் ஒதுக்குவது அதன் சூட்சுமம். அருமையான வேலை. ஆனால் இவற்றிலெல்லாம் குறி எளிது, நிரல் விழுந்தால் பிழை. 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையில் (இணையத் தொடர்பைப் பூட்டும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்தது) நிரல் விழவே இல்லை. சர்வரின் நினைவகத்தில் இருந்ததை ஒரு கேள்விக்கு 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்துவிட்டு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லை தாண்டிப் படிப்பதைக் கவனிக்கும் சானிடைசரைச் சேர்த்து ஓட்டினால்தான் ஃபஸ்ஸருக்கு அது பிழையாகத் தெரியும். கட்டணம் 17 காசு கூடிப்போனதைப் பிடிக்க எந்தச் சானிடைசரும் கிடையாது.

முறைசார் சரிபார்ப்பு (நிரல் சரி என்று கணித முறையில் நிரூபிப்பது) இதிலிருந்து காப்பாற்றும் என்று நினைக்கிறீர்களா? எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவில் இருந்தது 8,700 வரி சி நிரல். 2009இல் அதற்கு முடித்த நிரூபணம் சுமார் 2 லட்சம் வரி. மனிதர் செய்ததில் மகத்தானது. அதிலும் நிரூபிக்கப்பட்டது 'நிரல் விவரக்குறிப்பின்படி நடக்கிறது' என்பதுதான். குறிப்பே தப்பென்றால் தப்பு நிரூபணத்தோடு வரும்.

ஏஐ கேள்விக்கும் இதே விடைதான். நிரலைக் கொடுத்து டெஸ்ட் எழுதச் சொன்னால், நிரல் இப்போது என்ன தருகிறதோ அதையே சரியான விடையாக எழுதி வைப்பதற்கு வாய்ப்பு அதிகம். மைனஸ் 1380 தொடர்ச்சிதான் என்று அழகாக ஓர் அசர்ட் வரும். விதியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அப்போது பயன்படும். விதியை யார் எழுதுவது? மறுபடி அங்கேயே வந்து நிற்கிறோம்.

பகுதி நேரம் முடியும். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். இரண்டு ஃபஸ்ஸர்களை ஒப்பிட வேண்டும், 10 நிரல்கள், ஒவ்வொன்றிலும் 20 முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம். மொத்தம் 9,600 கோர்-மணி (ஒரு செயலிக் கோர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கோர்-மணி). 32 கோர் இயந்திரம் ஒன்றிருந்தால் பன்னிரண்டரை நாள். 13ஆம் நாள் ஒரு ஃபஸ்ஸருக்கு மட்டும் தொடக்கக் கோப்புகளை வேறாகக் கொடுத்திருந்தீர்கள் என்று தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே முறை ஓட்டிவிட்டு "எங்களுடையது சிறந்தது" என்று எழுதினால் மதிப்பீட்டாளர்கள் இப்போது விடுவதில்லை. 2018இல் ஒரு குழு 32 ஃபஸ்ஸிங் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் சோதனை முறையில் ஏதாவது ஓட்டை கண்டுபிடித்தது. சேர்வதற்கு முன் அந்த 32இல் ஒன்றை எடுத்து, அதன் ஒரே ஓர் அட்டவணையையாவது வீட்டுக் கணினியில் மறுபடி வரவழைத்துப் பாருங்கள். அலுப்புத் தட்டாமல் முடிகிறதென்றால் விண்ணப்பியுங்கள். ஐந்து ஆண்டு வேலை பார்த்த பிறகும் படிக்க ஆசைப்பட்டு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆர்வம் உள்ளவருக்கு இது முடியும்.

அடுத்த கடிதத்தில் சதவீதம் எதுவும் வேண்டாம். அந்த 2 மணி நேரத்தை எந்தத் தட்டலிலிருந்து எந்தத் தட்டல் வரை எண்ண வேண்டும் என்று ஒரே வரியில், இரண்டு பொருளுக்கு இடமில்லாமல் எழுதி அனுப்புங்கள். கூடவே அந்த வரியை உடைக்கும் ஒரு பயணத்தையும்.

அன்புடன்,
அக்கா