ஆன்லைனில் வாங்க வைப்பது யார் பேச்சு? கேள்வி பதில்

காட்பாடி வாசகி: நான் எவ்வளவோ சொல்லியும் ஆன்லைன் பக்கமே வராத அம்மா, எதிர்வீட்டு அக்கா குக்கர் வாங்கியதும் ஆர்டர் போடச் சொல்கிறார். ஏன் இப்படி?

நீங்கள் சொன்னதைக் காதால் கேட்டார். அங்கே பொருளையே பார்த்தார். மூடியைத் திருப்பிப் பார்த்திருப்பார், அடி கனமா என்று தட்டியிருப்பார், பணம் எப்போது கொடுத்தாய் என்றும் விசாரித்திருப்பார். டாய்ச், ஜெரார்ட் என்ற உளவியலாளர்கள் 1955-இல், பிறரைப் பார்த்து மனம் மாறுவதை இரண்டாகப் பிரித்தார்கள். பிறரிடம் விவரம் கிடைப்பதால் நம்புவது ஒன்று, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று ஒத்துப்போவது இன்னொன்று. அம்மாவுடையது முதல் வகை. அதனால் அவரைக் கோபிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். அலுவலகங்களில் புதிய மென்பொருள் பழகியவர்களை வைத்து வெங்கடேஷ் குழுவினர் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மற்றவர் பேச்சு ஆரம்பத்தில்தான் அதிகம் எடுபடுகிறது, பழகப் பழகக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. ஆன்லைன் கடையிலும் அப்படித்தான் என்பது என் எண்ணம். முதல் ஆர்டருக்கு எதிர்வீட்டு அக்கா வேண்டும். அப்புறம் வந்து சேர்ந்த பொருள்தான் பேசும்.

ஆம்பூர் வாசகர்: நாலரை ஸ்டார் இருந்தால் செருப்பை நம்பி வாங்கலாமா?

ஸ்டாரை விடுங்கள், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். வாரின் வெட்டு விளிம்பில் துணி தெரிந்தால் அது ரெக்சின். தோல் ஊர்க்காரரான உங்களுக்கு இது ஒரு பார்வையில் பிடிபடும். காசுக்கு எழுதும் ரிவ்யூ பெருகியதால்தான் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஆன்லைன் ரிவ்யூவுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே கொண்டுவந்தது.

குடியாத்தம் வாசகர்: 'இன்னும் 2 மட்டுமே' என்று காட்டுவது நிஜமா?

சில சமயம் நிஜம். பொய்யாக அவசரப்படுத்தினால், 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி அது தவறு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

வேலூர் லாங் பஜார் துணிக்கடைக்காரர்: வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் புடவைப் படம் போட்டால் தெருவே ஆன்லைனில் வாங்குகிறது. நாங்கள் என்ன செய்வது?

அந்தக் குரூப்பில் விலையை மட்டுமா பேசுகிறார்கள்? "பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கிறாங்க" என்ற பேச்சுதான் தயங்குகிறவரையும் இழுக்கிறது. உங்கள் கல்லாவுக்கு மேலே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பலகை இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பழுதான பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியே முறையற்ற வணிகம். முகம் சுளிக்காமல் ஒரு புடவையை மாற்றிக் கொடுங்கள். அந்தச் செய்தியும் அதே குரூப்பில்தான் போகும்.