பனிச்சறுக்கு எப்படித் தோன்றியது, எப்போது விளையாட்டாக மாறியது?

காலில் நீளமான, ஒல்லியான பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் வழுக்கிச் செல்வதுதான் பனிச்சறுக்கு. இது பிழைப்புக்காகத் தொடங்கியது. புதுப்பனியில் சாதாரணமாக நடந்தால் முழங்கால்வரை புதையும். பலகை இருந்தால் உடல் எடை பரவிவிடுவதால் கால் இறங்காது. சேற்றின்மேல் பலகை போட்டு நடக்கிறோமே, அதே கதைதான். ஸ்வீடனின் கால்வ்த்ரெஸ்கில் கிடைத்த சறுக்குப்பலகைக்கு வயது சுமார் 5,200 ஆண்டுகள். வேட்டைக்காரர்கள், அப்புறம் படைவீரர்கள் என்று பலருக்கும் அதுதான் குளிர்கால வண்டி.

சரி, விளையாட்டானது எப்போது? 19ஆம் நூற்றாண்டில், முக்கியமாக நார்வேயில். முன்பெல்லாம் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வாரால் கட்டுவார்கள். தாவினாலோ சட்டென்று திரும்பினாலோ பலகை கழன்றுவிடும். டெலிமார்க் பகுதியின் ஏழை விவசாயி சொந்த்ரே நோர்ஹைம், குதிகாலையும் சுற்றிப் பிடிக்கும் பிணைப்பைப் பயன்படுத்தினார். என்னைக் கேட்டால், இந்தச் சின்ன மாற்றம்தான் பெரிய திருப்பம். 1868இல் தலைநகரில் (இன்றைய ஓஸ்லோ) நடந்த போட்டியில் அவர் எல்லோரையும் அசத்தினார்.

மலைச்சரிவில் சீறி இறங்குவதுதான் இதன் ஆதி வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1924 குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தூரச் சறுக்கோட்டமும் தாவலும்தான் இருந்தன, சரிவுப் பந்தயம் 1936இல்தான் சேர்ந்தது.