முட்டி ஊசிக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் சார், நாங்கள் தேவகோட்டை. ஆத்தாவுக்கு 68 வயது, முட்டித் தேய்மானம், வளவுப் படி ஏற முடியவில்லை. "மூன்று ஊசியில் தேய்மானம் நின்றுவிடும், ஜவ்வு திரும்ப வளரும்" என்று காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் சொல்லி, பிஆர்பி ஊசி (அவரவர் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டைப் பிரித்துப் போடுவது) போட்டு 90,000 ரூபாய் வாங்கினார்கள். எட்டு மாதமாகியும் வலி அப்படியே இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆச்சி. ஆனால் "ஊசி கேட்கவில்லை" என்று மட்டும் எழுதினால் நிற்காது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் மருத்துவர்மேல் கவனக்குறைவு சுமத்த முடியாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

உங்களுக்குப் பிடி, அவர்கள் கொடுத்த வாக்குதான். குருத்தெலும்பு, அதாவது நீங்கள் ஜவ்வு என்பது, தேய்வதை நிறுத்தும் என்று நிரூபணமான ஊசி இன்றுவரை கிடையாது. பிஆர்பியை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது, அதில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது தெரிந்திருக்க வேண்டியவர்கள் "ஜவ்வு வளரும்" என்று ஒரு வயதானவரிடம் அடித்துச் சொல்லிப் பணம் வாங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2008-ன் சமீரா கோலி தீர்ப்பு. வளரும் என்று நோட்டீஸிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டிருந்தால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்தில் வரும், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகாரைச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். நீங்கள் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்க முடிந்தால் வழக்குக்கு நல்ல பலம்.

அப்புறம், இடையில் யாராவது ஸ்டீராய்டு ஊசி என்றால் நன்றாக விசாரியுங்கள். சில வாரம் வலி குறையலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது 2017-ல் வந்த ஓர் ஆய்வில் தெரிந்தது.

முதல் வேலையாக, சிகிச்சைப் பதிவுகள், சம்மதப் படிவம், விவரமான பில் மூன்றையும் எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. தராமல் இழுத்தால் அதையும் புகாரில் சேர்த்துவிடலாம்.